சுற்ற மறுக்கும் சக்கரம்

அம்மாவின் தையல் மெஷின் இருபது ஆண்டுகளுக்கு மேல் பரணில் கிடந்தது. சாக்கைச் சுற்றி, அதன்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தோம். சென்ற கோடையில் இறக்கினோம். மேல்பாகம் மட்டுமே பத்து கிலோவுக்கு மேல் கனக்கும் வார்ப்பிரும்பு. கறுப்பு மேனியில் தங்க நிறப் பூவேலை பாதி அழிந்திருந்தது. கைச்சக்கரத்தைப் பிடித்து என் பக்கமாகத் திருப்பினேன். மலையை அசைப்பதுபோல் இருந்தது. பழைய இரும்பு எடுக்க வந்தவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். “இறுகிப்போச்சு சார், இனி ஓடாது. எடைக்குப் போட்டுடுங்க” என்றார்.

நான் குறட்டை எடுத்தேன். சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய வட்டத் திருகைப் பிடித்து முழு பலத்தையும் போட்டேன். திருகு அசையவில்லை. அதைத் தடுத்துப் பிடித்திருந்த சின்னஞ்சிறு ஸ்க்ரூவின் தலைதான் நொறுங்கிக் கையில் வந்தது. அறுபது ஆண்டு உழைத்தும் உடையாத பாகத்தை அரை நிமிடத்தில் உடைத்துவிட்டேன். இந்த அத்தியாயத்தில் நான் எழுதுவதெல்லாம் அந்த அரை நிமிடத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டவை.

பழைய மெஷினுக்கு வரும் கோளாறுகளை இரண்டாகப் பிரித்துவிடலாம். இருக்கக் கூடாத ஒன்று வந்து சேர்வது முதல் வகை: பிசுக்கு, துரு, நூல் துணுக்கு. இருக்க வேண்டிய ஒன்று போய்விடுவது இரண்டாம் வகை: மேல்நூலைப் பிடிக்கும் ஷட்டில் முனையின் கூர்மை, துணியைத் தள்ளும் பல்லின் நுனி, தண்டுக்கும் துளைக்கும் இடையே இருந்த நெருக்கம். முன்னதை இறுக்கம் என்போம், பின்னதைத் தேய்மானம் என்போம். புகார் சொல்லும்போது இரண்டும் ‘மெஷின் ஓடலை’ என்ற ஒரே வாக்கியமாகத்தான் வரும். ஆனால் வந்து சேர்ந்ததைக் கரைத்து வெளியேற்ற வேண்டும். போனதை ஈடுகட்ட வேண்டும். இது எந்த வகை என்று தெரியாமல் கையில் எடுக்கும் எந்தக் கருவியும் குறடுதான்.

எங்கள் மெஷின் சிங்கர் 15 வகையைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் காலால் மிதித்துத் தைக்கும் கறுப்பு மெஷினைப் பார்த்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த வகையையோ இதன் நகலையோதான் பார்த்திருப்பார்கள். 15கே என்று எழுதியிருந்தால் அதிலுள்ள ‘கே’ கில்போவியைக் குறிக்கும். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் கில்போவி என்னும் இடத்தில் 1885 முதல் 1980 வரை சிங்கரின் மாபெரும் ஆலை இயங்கியது. ஆலை போய்விட்டது, அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் சிங்கர்தான். 1930களில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தயாரிக்கத் தொடங்கிய உஷா மெஷின்களும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இருந்து உலகமெங்கும் போன மெஷின்களும் இதே அமைப்பைப் பின்பற்றின. அதனால் நமக்குக் கிடைத்த நன்மை பெரிது. இந்த வகைக்கு ஏற்ற ஊசியும் பாபினும் ஷட்டிலும் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. லூதியானாவில் இதற்கென்றே பட்டறைகள் உள்ளன.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைச்சக்கரம் சுழற்றும் மேல்தண்டு ஒன்று மெஷினின் கைக்குள் படுத்திருக்கிறது. அதன் இடது முனை ஊசியை ஏற்றி இறக்குகிறது. நூலை இழுத்துக்கொடுக்கும் நெம்புகோலையும் அதுவே ஆட்டுகிறது. அதே தண்டிலிருந்து கீழே இறங்கும் இணைப்புகள், அடிப்பலகைக்குக் கீழே உள்ள ஷட்டிலை ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆட்டுகின்றன. துணியைத் தள்ளும் பல் தகட்டையும் நகர்த்துகின்றன. எல்லாம் ஒன்றோடொன்று கோத்திருப்பதால், ஒரு மூலையில் ஒரு மூட்டு இறுகினாலும் சக்கரம் நின்றுவிடும். சக்கரம் சுற்றவில்லை என்றால் மெஷின் முழுவதும் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. பத்துப் பதினைந்து மூட்டுகளில் ஏதோ ஒன்று கைவிரித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஒன்றைத் தேடிப் பிடிப்பதில்தான் அறிவியல் முறை இருக்கிறது. ஸ்க்ரூ தலையை உடைத்த மறுநாள், மெஷின் ரிப்பேரில் நாற்பது ஆண்டு கழித்த பெரியவர் ஒருவரிடம் போனேன். அவர் மெஷினைப் பார்க்கக்கூட இல்லை. “ஊசியக் கழட்டுனியா தம்பி?” என்றார். இல்லை என்றேன். “பாபின் கேஸ்?” அதுவும் இல்லை. “முதல்ல அதெல்லாம் கழட்டு. ஒவ்வொண்ணாக் கழட்டிட்டு ஒவ்வொரு தடவையும் சக்கரத்த ஆட்டிப் பாரு. எதக் கழட்டுனதும் அசையுதோ, அங்கதான் வியாதி.”

ஆய்வுக்கூடத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றிவிட்டு விளைவைப் பார்ப்பார்களே, அதேதான் இது. ஊசி வளைந்து தகட்டில் முட்டிக்கொண்டிருக்கலாம். பாபின் கேஸ் சரியாக உட்காராமல் ஷட்டிலைத் தடுக்கலாம். இரண்டையும் எடுத்த பிறகும் அசையாவிட்டால் ஷட்டிலையே கழற்ற வேண்டும். அதன்பிறகும் அசையாவிட்டால் மேல்தண்டு, ஊசித்தண்டு, பல் இணைப்பு ஆகியவற்றில் ஒன்று. கைச்சக்கரத்தின் நடுத்திருகைத் தளர்த்தினால் சக்கரம் தண்டிலிருந்து விடுபட வேண்டும். பாபினில் நூல் சுற்றும்போது ஊசி ஓடாமல் இருப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. தளர்த்திய பிறகு சக்கரம் மட்டும் தனியே சுழன்றால், பிடிப்பு தண்டுக்குள்ளே என்பது உறுதியாகிவிடும்.

எங்கள் மெஷினில் பிடிப்பு இரண்டு இடங்களில் இருந்தது. ஷட்டில் இருக்கும் கிண்ணத்தில் ஒன்று. அந்தப் பகுதியை நெருங்கிப் பார்ப்போம். இடது ஓரத்தில் நகரும் தகட்டைத் தள்ளினால் பாபின் கேஸ் தெரியும். அதை எடுத்தால் பளபளப்பான ஒரு வளையம். இரு பக்கமும் இரண்டு சிறு பூட்டுகள். பூட்டுகளை விரலால் வெளிப்பக்கம் தள்ள, வளையம் கழன்று வந்தது. பின்னாலேயே பிறைநிலா வடிவில் ஷட்டில். அதை எடுத்ததும் கிண்ணத்தின் உள்விளிம்பில் கறுப்பாகத் தடித்த கம்பளிபோல் ஏதோ ஒட்டியிருந்தது. ஊக்கால் கிளறினேன். பல நிற நூல் துணுக்குகளும் துணிப் பஞ்சும் எண்ணெயில் ஊறி அழுந்தி, செருப்புத் தோல்போல ஆகியிருந்தன. நடுவே ஒரு பச்சை நூல் மட்டும் நிறம் மாறாமல் இருந்தது. தங்கையின் பள்ளிப் பாவாடையின் பச்சை. ஷட்டிலுக்கும் கிண்ணத்துக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு தாளின் கனத்துக்கும் குறைவு. அதில் ஒரு நூல் துண்டு புகுந்தாலே போதும், ஆப்பு அடித்ததுபோல் நின்றுவிடும். அந்தக் கம்பளியை எடுத்த பிறகு சக்கரம் நூலிழை அளவு அசைந்தது.

இரண்டாவது இடம் தண்டுகள். அங்கே பிடித்து வைத்திருந்தது எண்ணெய். சுழல வேண்டும் என்பதற்காக நாம் ஊற்றிய எண்ணெயே சுழல விடாமல் தடுத்தது.

இந்த வேதியியல் நமக்குச் சமையலறையிலேயே பழக்கம். புது இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவது எப்படி? எண்ணெய் தடவிச் சூடாக்குகிறோம், மறுபடி தடவுகிறோம், மறுபடி சூடாக்குகிறோம். சில நாளில் கல்மேல் கறுத்த, வழவழப்பான, கழுவினாலும் போகாத ஒரு படலம் உருவாகிறது. அது இப்போது எண்ணெய் இல்லை. எண்ணெய் மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, ஒன்றோடொன்று கைகோத்து, வலைபோலப் பின்னிக்கொண்ட புதுப்பொருள். குத்துவிளக்கின் தண்டில், துடைக்கத் துடைக்கப் போகாமல் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும் பிசுக்கும் அதுவே. அங்கே அடுப்புச் சூடு இல்லை. ஆண்டுக்கணக்கான காலம் அந்த வேலையைச் செய்கிறது.

எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் பிசினாவதில்லை. எண்ணெயின் கரிமச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் எவ்வளவு அதிகமோ, ஆக்சிஜனுக்கு நுழைய அவ்வளவு கதவுகள். நல்லெண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் 80 சதவீதத்துக்கு மேல் இப்படிப்பட்ட நிறைவுறாத வகை. அதனால்தான் விளக்கில் அப்படிப் பிசுக்குப் பிடிக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற வகை. பிசினாவது மிகக் குறைவு. ‘அப்படியானால் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதுதானே’ என்று கேட்கத் தோன்றும். நம் வீடுகளில் பலரும் அதைத்தான் விட்டார்கள். ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். மார்கழிக் காலையில் அது எண்ணெயாக இருக்காது, மெழுகாக இருக்கும். நாட்பட்டுச் சிக்கு வாடை வந்த பிறகு அதில் உருவாகும் அமிலங்கள் உலோகத்தையும் அரிக்கும். மெஷின் எண்ணெய் என்று சிறு குப்பியில் விற்பது பெட்ரோலியத்திலிருந்து எடுத்துத் தூய்மைப்படுத்திய, தண்ணீர்போல நிறமற்ற தாது எண்ணெய். ஆக்சிஜன் நுழைய அதில் கதவுகள் அரிது. அதுவும் பல பத்தாண்டு கழித்துப் பழுப்பேறித் தடிக்கும் என்பது உண்மை. இரும்பே அந்த வினைக்கு ஊக்கியாக நிற்கிறது. இருந்தாலும் தாவர எண்ணெயோடு ஒப்பிட்டால் அதன் ஆயுள் பல மடங்கு.

“மண்ணெண்ணெய ஊத்திட்டுத் தூங்கப் போ தம்பி” என்றார் பெரியவர். இதைவிடச் சரியான அறிவுரையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பிசின் கரைய நேரம் வேண்டும். தண்டுக்கும் துளைக்கும் இடையே உள்ள சந்து மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அதற்குள் கரைப்பான் தானாக ஏற வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை விசைதான் ஏற்றுகிறது. சந்து குறுகக் குறுக அந்த விசை கூடும். ஆனால் பிசின் அடைத்திருப்பதால் முன்னேறும் வேகம் மிகக் குறைவு. மண்ணெண்ணெய் நீர்த்தது, இரும்போடு எளிதில் ஒட்டிப் பரவுவது, பிசினுக்கு உறவுக்காரன். மூன்று குணமும் சேர்ந்து வேலை செய்கின்றன. மெஷினின் மேற்புறத்தில் இருக்கும் சிறு துளைகள் எல்லாம் எண்ணெய் விடுவதற்கானவை. அவற்றில் அடைத்திருந்த தூசியைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, துளைக்குச் சில சொட்டு விட்டேன். இரவு விட்டேன், காலையில் விட்டேன். அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமான திண்ணையில் வைத்துத்தான் செய்தேன். மண்ணெண்ணெய் ஆவியில் விளையாட்டு கூடாது.

மூன்றாம் நாள், மண்ணெண்ணெயைத் துடைத்து ஆவி அடங்கிய பிறகு, மனைவியின் ஹேர் டிரையரால் இரும்பைச் சூடாக்கினேன். சூடாக்கினால் துளை விரியும் என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எஃகும் வார்ப்பிரும்பும் ஒரு டிகிரிக்குத் தம் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 11, 12 பங்கு விரியும். 10 மி.மீ. விட்டமுள்ள துளையை 50 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், விட்டம் ஏறக்குறைய 0.006 மி.மீ. பெருகும். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளிருக்கும் தண்டும் சூடேறி விரிந்துவிட்டால் அதுவும் மிஞ்சாது. பிறகு ஏன் சூடு உதவுகிறது? சூட்டில் பிசின் இளகுகிறது. குளிர்ந்த வெல்லப்பாகு வழியாது, சூடான பாகு ஓடும். இரும்பு விரிவதால் கிடைப்பதைவிடப் பாகு இளகுவதால் கிடைப்பதே மிகுதி.

நான்காம் நாள் காலை சக்கரம் கால் சுற்றுச் சுற்றியது. முன்னே கால், பின்னே கால். மறுபடி சொட்டு. பழுப்பு நிறத்தில் கஷாயம்போல் ஏதோ தண்டின் ஓரத்தில் கசிந்தது. துடைத்தேன். அரைச் சுற்று. மாலைக்குள் முழுச் சுற்று. எந்த இடத்திலும் இரண்டு விரலுக்கு மேல் பலம் போடவில்லை. பிசின் கரைந்து ஓடும்போது மண்ணெண்ணெய் எண்ணெயையும் சேர்த்துக் கழுவிவிடும் என்பதால், உடனே எல்லாத் துளையிலும் மெஷின் எண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் பத்து நிமிடம் மிதித்தேன். துருப் பிடியை விடுவிக்கும் ஸ்பிரே டப்பாக்களுக்கும் இது பொருந்தும். அவற்றில் பெரும்பங்கு ஆவியாகும் கரைப்பான். இறுகியதை விடுவிக்க உதவும். உயவுக்கு அதையே நம்பக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கரைப்பானை எடுக்கும்போது எதைக் கரைக்கிறோம் என்பதோடு எதைக் கரைத்துவிடக் கூடாது என்பதையும் யோசிக்க வேண்டும். பழைய சிங்கர் மெஷின்களின் தங்கப் பூவேலைக்கு மேல் பாதுகாப்பாகப் பூசியிருப்பது அரக்கு. மரத்தில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின்; நம் நாட்டுச் சரக்கு. மண்ணெண்ணெய் அரக்கைக் கரைக்காது. ஸ்பிரிட் கரைத்துவிடும், கை கழுவும் சானிடைசரும் ஆல்கஹால்தான். ‘பளிச்சென்று ஆகட்டும்’ என்று ஸ்பிரிட் துணியால் ஒரு துடைப்புத் துடைத்தால், நூறாண்டுப் பூவேலை துணியோடு வந்துவிடும். மேற்பூச்சைத் துடைக்க மெஷின் எண்ணெய் தொட்ட மெல்லிய பருத்தித் துணி போதும்.

துருவைப் பற்றி ஒரே ஒரு செய்தி சொன்னால் போதும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருமன் கூடுகிறது. குறுகிய சந்துக்குள் துரு பிடித்தால் அது ஆப்பாக மாறுவது அதனால்தான். கழற்றி எடுத்த சிறு ஸ்க்ரூக்களைப் புளிக்கரைசலில் ஒரு நாள் ஊறவைத்துத் தேய்த்தேன். புளியின் டார்டாரிக் அமிலம் துருவைக் கரைத்துத் தன்னோடு இழுத்துக்கொண்டது. கழுவி, துடைத்து, அந்த நிமிடமே எண்ணெய் தடவிவிட வேண்டும். ஸ்பிரிங்குகளை மட்டும் அமிலத்தில் போடாதீர்கள். அமில வினையில் பிறக்கும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும்.

சக்கரம் சுற்றியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். துணியை வைத்துத் தைத்தால், ஐந்து தையலுக்கு ஒரு தையல் விட்டுப்போனது. சில இடங்களில் நூல் அறுந்தது. இறுக்கம் விலகிய பிறகுதான் தேய்மானம் தன் முகத்தைக் காட்டும்.

பருத்தி நூல் எஃகைத் தேய்க்குமா? தேய்க்கும். 1953இல் ஆர்ச்சர்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் எளிமையான ஓர் உறவை முன்வைத்தார். தேய்ந்து போகும் அளவு, அழுத்தும் சுமைக்கும் உரசிச் சென்ற தூரத்துக்கும் நேர்விகிதம். பொருளின் கடினத்துக்கு எதிர்விகிதம். நூலின் சுமை அற்பம், எஃகின் கடினம் அதிகம். ஆனால் தூரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு தையலுக்கும் மேல்நூல் பாபின் கேஸை முழுதாகச் சுற்றி வர வேண்டும். அதற்கு ஆறேழு சென்டிமீட்டர் நூல் கீழே இறங்குகிறது. தையலில் செலவாவதோ மூன்று மில்லிமீட்டர்போல. மீதி அத்தனையும் திரும்ப மேலே இழுக்கப்படுகிறது. அதாவது ஒரே நூல் துண்டு, துணியில் போய்ச் சேர்வதற்கு முன் இருபது முறைக்கு மேல் ஊசிக்கண் வழியே போய் வருகிறது. ஒரு ரவிக்கைக்கு 5 மீட்டர் தையல் என்றும், சென்டிமீட்டருக்கு 4 தையல் என்றும் வைத்துக்கொள்வோம். 2,000 தையல். ஒவ்வொன்றுக்கும் போக வர 12 செ.மீ. மொத்தம் 240 மீட்டர் உரசல். தினம் ஒரு ரவிக்கை வீதம் ஆண்டுக்கு 300 நாள் தைத்தால் 72 கிலோமீட்டர். நூலோடு ஒட்டிவரும் மணல்தூசியும் சேர்ந்துகொள்கிறது. கிணற்றுக் கல்லில் கயிறு பள்ளம் விழவைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

எங்கள் மெஷினில் நூல் செல்லும் வழியெங்கும் நகத்தை வைத்துத் தடவிப் பார்த்தேன். டென்ஷன் தட்டுகளுக்குள் ஒரு கோடு. பாபின் கேஸின் தகட்டு ஸ்பிரிங் அடியில் நகம் தட்டும் அளவுக்கு ஒரு பள்ளம். பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டேன். சரியான டென்ஷனில் அது அப்படியே தொங்க வேண்டும். கையை லேசாக உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். இதுவோ கிணற்று வாளிபோல் தரைவரை போய்விட்டது. பள்ளம் விழுந்த இடத்தில் ஸ்பிரிங்குக்கு அழுத்தப் பிடி இல்லை. புது பாபின் கேஸ் போட்டேன். இங்கே பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பது வீண் வேலை.

விட்டுப்போகும் தையலுக்குக் காரணம் வேறு. ஊசி கீழே இறங்கி, திரும்ப ஏறத் தொடங்கும் முதல் இரண்டு மில்லிமீட்டரில் ஓர் அற்புதம் நடக்கிறது. ஊசியின் ஒரு பக்கம் நீண்ட பள்ளம் இருக்கும். அந்தப் பக்கத்து நூல் பள்ளத்துக்குள் ஒளிந்துகொண்டு ஊசியோடு ஏறிவிடும். எதிர்ப்பக்கத்து நூலைத் துணி பிடித்துக்கொள்ளும். ஏற முடியாத நூல் வெளியே பிதுங்கி ஒரு சிறு கண்ணியாக நிற்கும். அந்தக் கணத்தில் ஷட்டிலின் கூர்முனை ஊசியை உரசாமல், அதன் கண்ணுக்குச் சற்று மேலே, கண்ணிக்குள் நுழைய வேண்டும். முனை மழுங்கினால் கண்ணியைத் தள்ளிவிடும், தையல் விட்டுப்போகும். முனையில் பிசிறு இருந்தால் நூலைக் கீறும், நூல் அறுந்துபோகும்.

ஆனால் ஷட்டிலைக் குற்றம் சொல்வதற்கு முன் ஊசியை மாற்றுங்கள். நான் பார்த்தவரை ‘டைமிங் போய்விட்டது’ (ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம் தவறிவிட்டது) என்று கொண்டுவரும் மெஷின்களில் பலவற்றுக்கு நோய் ஊசியில்தான். மழுங்கிய ஊசி, வளைந்த ஊசி, திருப்பிப் போட்ட ஊசி, முழுதாக மேலே ஏறாத ஊசி. ஊசியின் அடித்தண்டில் உள்ள தட்டைப் பக்கம் ஷட்டில் முனை வரும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் மெஷினில் புது ஊசி போட்டதும் பாதித் தையல் சரியாகிவிட்டது. மீதிக்கு ஷட்டில் முனையை மிக மெல்லிய உப்புத்தாளால், எண்ணெய் தொட்டு, பிசிறு மட்டும் போகும்படி நீவினேன். அரத்தால் ராவிக் கூர்மையாக்க முயலக் கூடாது. முனை ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் கண்ணிக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். அந்த அளவுக்குத் தேய்ந்திருந்தால் புது ஷட்டில் வாங்குவதே அறிவு.

என்னை மிகவும் நெகிழவைத்தது மெஷினின் வயிற்றுப்பக்கம். மேல்பாகத்தைப் பின்பக்கமாகச் சாய்த்தால் அடிப்புறம் தெரியும். பல் தகட்டை நகர்த்தும் தண்டு இரு முனையிலும் சிறு குழியோடு இருக்கிறது. இரு பக்கமிருந்தும் கூம்பு முனைத் திருகுகள் அந்தக் குழிகளில் உட்கார்ந்து அதைத் தாங்குகின்றன. ஒவ்வொரு திருகையும் ஒரு பூட்டு நட்டு பிடித்திருக்கிறது. அறுபது ஆண்டு உழைப்பில் கூம்பும் குழியும் தேய்ந்து, தண்டு கடகடவென்று ஆடியது. நட்டைத் தளர்த்தி, கூம்பை எட்டில் ஒரு சுற்று உள்ளே செலுத்தி, நட்டை மறுபடி பூட்டினேன். தண்டைத் தூக்கிவிட்டால் தன் எடையால் தானே விழ வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. அதுதான் அளவு. ஆட்டம் போய்விட்டது. தேய்ந்த பாகம் தேய்ந்த பாகமாகவே இருக்கிறது. தேய்மானத்துக்கு ஈடு மட்டும் கிடைத்துவிட்டது. காலால் மிதிக்கும் பெடலின் அச்சிலும் இதே ஏற்பாடு. இந்த மெஷினை வடிவமைத்தவர்கள் இது ஒரு நாள் தேயும் என்று அறிந்து, தேயும் நாளில் அதை இறுக்கிக்கொள்ள ஒரு திருகையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உராய்வையும் தேய்மானத்தையும் ஆராயும் உராய்வியல் என்ற துறைக்கு அதன் ஆங்கிலப் பெயரே 1966இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழுவின் அறிக்கையோடுதான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் திருகு இங்கே இருந்தது.

1924இல் தில்லியில் ராமச்சந்திரன் என்ற மாணவர் காந்தியிடம், நீங்கள் எல்லா எந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். விலக்குகள் உண்டு என்ற காந்தி, எடுத்துக்காட்டாகச் சிங்கர் தையல் மெஷினைச் சொன்னார். அந்த மாணவர்தான் பின்னாளில் சௌந்திரம் அம்மையாரோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரன். மனிதரைப் பயனற்றவராக்கும் எந்திரத்தையே காந்தி எதிர்த்தார். கூம்புத் திருகைக் கையில் பிடித்திருந்தபோது அந்த உரையாடல்தான் நினைவுக்கு வந்தது. இதைச் சரிசெய்ய எனக்குத் தேவைப்பட்டவை பொருத்தமான இரண்டு திருப்புளிகளும் ஒரு ஸ்பேனரும்தான்.

திருப்புளியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. ஸ்க்ரூ தலையின் வெட்டில் முழு நீளத்துக்கும் முழு ஆழத்துக்கும் உட்காரும் திருப்புளிதான் வேண்டும். மெலிந்த திருப்புளி வெட்டின் மேல்விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு அதைப் பிய்த்துவிடும். சிங்கரின் ஸ்க்ரூ மரைகள் பலவும் கடையில் கிடைக்கும் பொது அளவுகளில் சேராதவை. ஒன்று உடைந்தால் அலைய வேண்டும். நான் உடைத்த அந்த ஒற்றை ஸ்க்ரூவுக்காக மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசியில் பெரியவர்தான் தன் பழைய பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து ஒன்றைத் தேடிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

தோல் பெல்ட் தளர்ந்திருந்தது. ஒரு சென்டிமீட்டர் வெட்டி, கம்பிக் கொக்கியை மாற்றிப் போட்டேன். பாபின் சுற்றும் ரப்பர் வளையம் கல்லாகியிருந்தது, புதிது போட்டேன். கைச்சக்கரத்தின் நடுத்திருகைத் திரும்பப் பூட்டியபோது சக்கரம் விடுபடாமல் முரண்டு பிடித்தது. உள்ளே உள்ள மூன்று காது வாஷரை அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டதும் சரியானது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடந்தால், எடைக்குப் போடுமுன் ஒரு வாரம் கொடுங்கள். ஊசியையும் பாபின் கேஸையும் எடுத்துவிடுங்கள். ஷட்டில் கிண்ணத்தைக் கிளறுங்கள். துளைகளைக் குத்திவிட்டு மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருங்கள். சக்கரம் அசைந்த அன்று மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் அடுப்படியிலேயே இருக்கட்டும்.